ஐம்பதுக்குக் கீழே

5-7-87, ஞாயிறு

நோட்டின் முதல் பக்கம். நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தொடங்குகிறேன்.

மூத்த பேரன் பகலவன் பிளஸ் டூவில் ஆயிரத்துப் பதினொன்று. எங்கள் தெருவில் ஆயிரத்தைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். சின்னவன் இளவரசன் சின்னசேலத்தில் நடந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் பூட்ஸ் போட்டிருந்தானாம், இவன் வெறுங்கால். அதனால் இவனே முதல் என்று நான் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் என் மகன் கொளஞ்சியப்பன் பிள்ளைகள். மகள் ஆண்டாளைக் களமருதூரில் கொடுத்திருக்கிறது. பத்தாவது பாஸ் செய்தவள், அந்தத் தெருவுக்கே கடிதம் படித்துச் சொல்கிறாள். அவள் பெண் எழில்மதிக்கு ஏழு மாதம் முடிந்தது. கீழே இரண்டு பல். கையை ஊன்றாமல் உட்காருகிறாளாம்.

எழில்மதி போட்டோ ஒன்றுதான் என்னிடம். திருக்கோவிலூர் ஸ்டுடியோவில் மூன்றாம் மாதத்தில் எடுத்தது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, போட்டோ வளரவில்லை. ஆண்டாளுக்கு எழுதும் ஒவ்வொரு கார்டிலும் கடைசி இரண்டு வரியை இதற்கென்றே விட்டுவைப்பேன். "புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மறக்காதே."

இன்றும் எழுதினேன்.

9-7-87

கள்ளக்குறிச்சியில் பயிற்சி. ஊர் மருந்துப் பெட்டி என் பொறுப்பில் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் இப்படி ஒரு வேலையை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. "மழை தொடங்குனா புள்ளைங்களுக்கு இருமல் வருது, எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷம் எவ்வளவு கடுமையா வந்துச்சு, போன வருஷத்துக்கு ஜாஸ்தியா கம்மியா, இது யாருக்கும் தெரியல. அளந்தாத்தானே தெரியும்?" என்றார். எங்கள் ஊரிலும் மேலே கல்வராயன் மலையில் ஆறு ஊரிலும் ஐந்து வயசுக்குள் உள்ள பிள்ளைகளை நான் அளக்க வேண்டும்.

நோட்டில் மூன்று கட்டம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது முதல் கட்டம். ஐம்பதுக்கு மேல் என்றால் உடனே கீழே அனுப்பிவிட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, இது இரண்டாவது. பால் குடிக்கிறதா, மூன்றாவது. மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். பிள்ளை களைத்துவிட்டால் மூச்சின் எண்ணிக்கை தானாகக் குறையும், அதைக் கண்டு ஏமாறக்கூடாதாம்.

சிவப்பு முள் வைத்த கைக்கடியாரம் கொடுத்தார்கள். என்னோடு வந்த பெண்களில் மூன்று பேர் பத்தாவது படித்தவர்கள். ஆனால் முதலில் பிசகாமல் எண்ணியவள் நான். "எதுவரைக்கும் படிச்சீங்க ஆயம்மா?" "அஞ்சாவதுங்க." "நம்பவே முடியல" என்றார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

நோட்டு இரண்டு கொடுத்தார். ஒன்று கணக்குக்கு. கட்டத்துக்குள் அடங்காததை எழுதிக்கொள்ள இன்னொன்று. அதுதான் இது, ஞாயிற்றுக்கிழமை எழுதியதைக் கிழித்து இதன் முன்னால் ஒட்டிவிட்டேன்.

பஸ்ஸில் எதிரே இருந்த பிள்ளையை எண்ணினேன். முப்பத்திரண்டு. அதன் தாய் என்னை முறைத்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

18-7-87

மலையில் முதல் நாள். ஒரு பிள்ளையைக்கூட எண்ண விடவில்லை.

ஊர்ப் பெரியவர் சடையன் வாசலில் குந்தியிருந்தார். "இன்னா பண்ணப் போற தாயி?" என்றார். பிள்ளையின் மூச்சை எண்ணுவேன் என்றேன். "ஆட்டையே எண்ண மாட்டோம் நாங்க. எண்ணினா கொறஞ்சிடும். மூச்சு ஆளுக்கு இவ்ளோன்னு அளந்து வுட்டது. அத்தப் போயி எண்ணுவியா நீ?" அவர் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இறங்கி வரும்போது கால் வலித்தது. டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது? அஞ்சாவது என்பது இவ்வளவுதான் என்று நினைக்க மாட்டாரா?

21-7-87

வழி கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மடியில் புளியங்கொட்டை. வாய் திறப்பதில்லை. கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு கொட்டையை முறத்தில் போடுகிறேன். முள் ஒரு சுற்று சுற்றியதும் முறத்தை வெளியே கொண்டுவந்து கொட்டையை எண்ணுகிறேன்.

சடையன் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொட்டைய எண்ணிக்கோ. அதுக்கு இன்னா ஆயுசா கெட்டுப்போச்சு?" என்று சிரித்தார். அவர் பேரனையே முதலில் காட்டினார்கள். முப்பது.

3-8-87

டாக்டரம்மா கொட்டை விஷயம் கேட்டுக் கைதட்டினார். மற்ற ஊர்க்காரிகளையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டாராம். ஆண்டாளுக்கு இதை ஒரு கார்டு முழுக்க எழுதினேன். போட்டோவுக்கு மட்டும் இடம் விட்டேன்.

19-8-87

ஒரு வாரமாக மழை. மலையில் வீட்டுக்கு வீடு இருமல். இருபத்தாறு பிள்ளைகள், ஐம்பதுக்கு மேல் மூன்று. விலாக் குழியை இன்றுதான் நேரில் கண்டேன். மூச்சு இழுக்கும்போது உள்ளேயிருந்து யாரோ தோலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அந்த மூன்றையும் ஆஸ்பத்திரி ஜீப்பில் கீழே இறக்கினேன்.

26-8-87

மூன்றும் நல்லபடியாகத் திரும்பிவிட்டன. மலையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

31-8-87

களமருதூர்ப் பக்கமும் இருமல் சுற்றுகிறதாம், ஆண்டாள் எழுதியிருக்கிறாள். உடனே கார்டு எழுதினேன்.

"எழில்மதிக்கு இருமல் வந்தால் பயப்படாதே. அவள் தூங்கும்போது மாப்பிள்ளை கடியாரத்தை வைத்து மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டை போடு. ஒரு நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பயமில்லை."

விலாவையும் பாலையும் எழுதலாம் என்று பார்த்தேன். இடம் இல்லை. கீழே இரண்டு வரி போட்டோவுக்கு வேண்டும். அடுத்த கார்டில் எழுதிக்கொள்ளலாம்.

8-9-87

ஆண்டாள் பதில். எழில்மதிக்கு முப்பத்திரண்டாம்! சுகமாக இருக்கிறாள். மூன்று அடி தூரம் தவழ்கிறாளாம். கடியாரத்தை இதற்காகவே மாப்பிள்ளை தனசேகரன் வீட்டில் விட்டுப் போகிறாராம். இட ஒதுக்கீடு கேட்டு நடக்கப்போகும் ரோடு மறியல் முடிந்ததும் திருக்கோவிலூர் போய் போட்டோ எடுக்கிறார்களாம்.

இளவரசன் தாலுகா அளவில் ஓடத் தேர்வாகியிருக்கிறான். அதைப் பதிலில் எழுதினேன். கார்டு நிறைந்துவிட்டது.

14-9-87

கொளஞ்சியப்பன் கோடாரி தீட்டுகிறான். வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் மறியல். எல்லா ஊரிலும் நம் ஜனங்கள் ரோட்டில் உட்காரப் போகிறார்கள்.

"ஆயிரத்துப் பதினொண்ணு வாங்கியும் சீட் இல்ல ஆயா. எங்கள தனியா எண்ணி, எங்க பங்க குடுன்னுதான் கேக்கறோம்" என்றான் பகலவன். அவன் கண் சிவந்திருந்தது.

"ஒரு வாரம் ஒரு சக்கரம் உருளாது" என்றான் கொளஞ்சியப்பன்.

"நோயாளிங்க இன்னாடா பண்ணுவாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள வுட்டுடுவோம்மா. நாங்க இன்னா மிருகமா?"

பெருமையாகத்தான் இருந்தது.

16-9-87

ஆண்டாள் கார்டு. எழில்மதிக்குச் சளி, இருமல். நாற்பத்தாறு கொட்டை.

ஐம்பதுக்குக் கீழேதான்.

17-9-87, வியாழன்

பஸ் இல்லை. தபால் இல்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் மரம் விழும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

19-9-87

கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வரவில்லை. எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்று பேச்சு. எத்தனை பேர், எந்த ஊர், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஜீப் இல்லாததால் மலைக்கும் போகவில்லை. கணக்கு நோட்டில் மூன்று நாளாக எதுவும் எழுதவில்லை.

எழில்மதி இன்று எத்தனையோ.

21-9-87

மழை. பகலவன் மட்டும் வந்து சோறு தின்றுவிட்டுப் போனான்.

24-9-87

தபால் வந்தது! பிச்சைமுத்து சைக்கிளில் மூட்டையாகக் கொண்டுவந்தார். எனக்கு இரண்டு கார்டு, இரண்டும் ஆண்டாள் எழுதியது.

பதினெட்டாம் தேதி எழுதியது: "அம்மா, இன்று 58. உடம்பு கொதிக்கிறது. மாமனார் நாளைக் காலையில் மாட்டு வண்டி கட்டுகிறேன் என்கிறார். ரோட்டில் நம் ஆட்கள்தான், விட்டுவிடுவார்கள்."

அதைக் கீழே வைக்காமலே அடுத்ததை எடுத்தேன். இன்னொன்று பத்தொன்பதாம் தேதி: "அம்மா, காலையில் 36. நம்பாமல் இரண்டு தரம் எண்ணினேன். 36தான். வண்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டேன். அசந்து தூங்குகிறாள். பாலுக்குக்கூட எழவில்லை."

முப்பத்தாறு! போன உயிர் திரும்பியது எனக்கு. பிச்சைமுத்துவுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். "இன்னா ஆயம்மா, பேத்தி கலெக்டர் ஆயிட்டாளா?" என்றார். "அவ ஆத்தாக்காரிக்கு நான் கார்டுலயே வைத்தியம் சொல்லிக்குடுத்தேன் பாரு" என்று கார்டைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

உடனே பதில் எழுதினேன். கடைசி இரண்டு வரி: புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மறக்காதே.

25-9-87

மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் கண்ணாயிரம் வந்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை. இருபதாம் தேதி. விடியும்போது.

நேத்து நான் வெல்லம் குடுத்தேனே. மண்ணுக்குள்ள போயி நாலு நாள் ஆன புள்ளைக்கு நான் வெல்லம் குடுத்தேனே.

28-9-87

களமருதூரிலிருந்து வந்துவிட்டேன். வெட்டிய மரங்களை ரோட்டோரம் தள்ளியிருக்கிறார்கள். இலை இன்னும் முழுதாகக் காயவில்லை.

மாப்பிள்ளையைப் பத்தொன்பதாம் தேதியே போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள். மற்ற ஆண்கள் போலீசுக்குப் பயந்து கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்திருந்தார்களாம். கிழவர்கள் இரண்டு பேர்தான் குழி தோண்டியிருக்கிறார்கள். தகவல் சொல்ல ஆள் கிடைக்கவே இத்தனை நாள்.

ஆண்டாளுக்குப் பால் கட்டி மார் கல்லாக இருந்தது. மல்லிகைப் பூ வாங்கி வைத்துக் கட்டிவிட்டேன். அவள் அழவில்லை.

தூளிக்கு அடியில் முறம் அப்படியே இருந்தது. கொட்டையும் இருந்தது. எண்ணினேன். முப்பத்தாறு.

"ரெண்டு தரம் எண்ணினேம்மா. நீ சொன்ன மாதிரிதான் எண்ணினேன்" என்றாள்.

"விலா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்.

"இங்க குழி வுழுந்துக்கினே இருந்துச்சும்மா" என்று தன் விலாவைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அத்தயும் பாக்கணுமா?"

சுவரில் காலண்டர் ஆணியில் என் கார்டு குத்தியிருந்தது. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. அதன் கீழே போட்டோ. நல்ல எழுத்து என்னுடையது. தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது.

29-9-87

இந்த நோட்டைப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். ஜூலை ஒன்பது. களைத்துவிட்டால் குறையும், ஏமாறக்கூடாது. என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழேயே டாக்டரம்மா என்னைப் புகழ்ந்ததையும் எழுதியிருக்கிறேன். அது ஞாபகம் இருந்தது, இது இல்லை.

கார்டில் இரண்டு வரி போதும். விலாவில் குழி விழுந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ எத்தனை கொட்டையானாலும் ஆஸ்பத்திரி. இப்போது எழுதிப் பார்த்தேன். சரியாக இரண்டு வரிதான் வருகிறது.

6-10-87

கொளஞ்சியப்பன் சாப்பிடுவதில்லை. கோடாரியைக் கிணற்றில் போட்டுவிட்டான். தெருவில் பெண்கள் அவன் காதுபடவே பேசுகிறார்கள்: "மரத்த வெட்டிப் போட்டு ரோட்ட அடைச்சாங்க, கடசியில அவன் தங்கச்சி புள்ளயே போச்சு."

"ரோட்டுக்குப் பயந்துதாம்மா ஆண்டாளு வண்டிய அவுத்துட்டா. வாயில ஏதோ சொல்றா, ஆனா அதான் நெசம்" என்கிறான்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல ஆட்டினேன். கடவுளே.

10-10-87

இன்றும் அவனிடம் சொல்லவில்லை. மலைக்குப் போய்ப் பதினாலு பிள்ளைகளை எண்ணினேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று கத்திவிட்டேன்.

11-10-87

கொல்லையில் கொளஞ்சியப்பனிடம் சொன்னேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"ரோடு இல்லடா. வண்டிய வுட்டிருப்பாங்க. நான் கார்டுல பாதிய எழுதாம வுட்டேன். அத நம்பி அவ வூட்டுலயே இருந்துட்டா."

முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன், கார்டு, இரண்டு வரி, போட்டோ, எல்லாம். மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆண்டாளுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாத" என்றான். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றான். "இல்லம்மா. சொல்லிடு."

இன்று ஒரு தட்டு சோறு தின்றான்.

21-10-87

தீபாவளி. எங்களுக்கு இல்லை. ஆண்டாள் வந்திருக்கிறாள். இளவரசன் வாங்கிய கோப்பையைப் பரண்மேல் வைத்துவிட்டேன், அவள் கண்ணில் பட வேண்டாம்.

இரவல் போய் வந்த முறுக்கு உரலைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னது? அண்ணனா?"

"நீதான். வந்தன்னிக்கு விலான்னு கேட்டியே. அப்பவே தெரியும்." உரலை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "ஒரு மாசமா சொல்லாம இருந்தியேம்மா. அதான் எனக்குத் தாங்கல."

23-10-87

காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஒரு வாரம் இருப்பதாகத்தான் வந்தாள்.

20-11-87

டாக்டரம்மா வந்து கணக்கைக் கூட்டினார். இந்த மழைக்கு என் ஊர்களில் இருமல் வந்த பிள்ளைகள் நூற்று முப்பத்தெட்டு. ஐம்பதுக்கு மேல் மூச்சு இருபத்தொன்பது. விலாக் குழி பதினொன்று. சாவு இரண்டு. "இனிமே வர்ற வருஷத்தை இதோட வச்சுப் பாத்துக்கலாம். நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார்.

"இன்னும் ஒரு புள்ளய எழுதணுங்க."

"எந்த ஊர்?"

"களமருதூர்."

"அது நம்ம எல்லைக்குள்ள வராதே ஆயம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "பயிற்சியில நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நீங்க சொன்னீங்க. என் நோட்டுல இருக்குது" என்றேன்.

கணக்கில் சாவு இரண்டுதான்.

13-12-87, ஞாயிறு

சடையன் பேரன். நேற்று அறுபத்திரண்டு. கீழே கொண்டுபோகச் சொன்னேன், காலையில் போகிறோம் என்றார்கள். காலையில் நானே ஏறிப் போனேன். மருமகள் பாதி வழியில் ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கொறஞ்சிடுச்சு தாயி! நீ போட்ட மாதிரியே கொட்டை போட்டுப் பாத்தேன். முப்பத்தெட்டு!"

மீதி மலையையும் ஓட்டமாக ஏறினேன். உள்ளே ஓடித் துணியை விலக்கினேன். குழி. உதட்டில் பால் பட்டுக் காய்ந்திருந்தது, உள்ளே போகவில்லை. முறத்தைக் காலால் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டேன்.

"இன்னா தாயி, கொறஞ்சிருக்குதே!" என்று சடையன் பின்னாலேயே வந்தார்.

"கொறையக் கூடாதுய்யா இப்ப. கொறையக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஜீப் வரும் இடம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

17-12-87

சடையன் மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். பிள்ளை நேற்றுப் பால் குடித்தானாம். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆண்டாளுக்குக் கார்டு எழுதினேன். மழை நின்றது. கொளஞ்சியப்பன் கொல்லையில் மணிலாக்கொட்டை விதைத்திருக்கிறான். மலையில் ஒரு பிள்ளைக்கு எண்ணிக்கை குறைந்தது, தூக்கிக்கொண்டு ஓடினேன், பிழைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் பொங்கலுக்கு வா. இவ்வளவுதான்.

அடியில் இரண்டு வரிக்கு இடம் மீந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். அப்படியே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.